டெல்லிக்கு அடியில் ஒரு செங்கல்

கூடத்தில் கொலுப்படிக்கு முன்னால் கங்கை ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது சரி, ஓடிய திசைதான் தப்பு. சிவபெருமான் பொம்மையின் முதுகுக்குப் பின்னாலிருந்து இறங்கி, பஞ்சு ஒட்டிய இமயமலையைத் தாண்டி, சமவெளிக்கு வந்ததும் வலது பக்கம் திரும்பி வங்காளத்துக்குப் போகவேண்டிய தண்ணீர், கொஞ்சமும் யோசிக்காமல் இடது பக்கம் திரும்பி டெல்லியைப் பார்த்து நடந்தது.

என் வீட்டுக்காரர் சேகர் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தண்ணீர் மட்டத்துக்கு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“வசந்தா, ஒன் கங்க டெல்லிக்குப் போவுது.”

“அது எனக்கும் தெரியுதுங்க. ஏன் போவுதுன்னு பாருங்க.”

“எல்லாரும் அங்கதான் போறாங்க. அதுவும் போவட்டுமே, உடு.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் அவர் எழுந்து பின்பக்கம் போய் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்தார். பலகையின் டெல்லி முனையைத் தூக்கி அடியில் செருகினார். கங்கை ஒரு நிமிடம் தயங்கி நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, கான்பூர், பாட்னா வழியாக வங்காள விரிகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. வங்காள விரிகுடா என்பது எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தாம்பாளம்.

கதவின் மேல் ஒரு நாடு

போன வாரம் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் வீடு பிடித்த கதையைச் சொன்னேன். இது அதே வீட்டில், தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு நவராத்திரியில் நடந்தது.

அப்போது நான் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். டீச்சர் என்றால் தற்காலிக டீச்சர். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வேலை போய்விடும், பள்ளி திறந்ததும் திரும்ப வரும். அந்த வருடம் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, பூகோளத்தைச் சரித்திரத்தோடு சேர்த்து, சரித்திர டீச்சரிடமே கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்.

“பூகோளத்துல என்னம்மா இருக்கு? புக்ல இருக்கறத உரக்கப் படிச்சா போச்சு. யார் வேணும்னாலும் படிக்கலாமே.”

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவர் சொன்னது பாதி உண்மை. நாட்டின் இதயப் பகுதி என்று ஒரு பாடம் உண்டு. கங்கைச் சமவெளி, வண்டல் மண், பழைய தலைநகரங்கள், நெருக்கியடித்துக்கொண்டு வாழும் ஜனங்கள் என்று வருடா வருடம் நடத்துவேன். ஆனால் நான் பிறந்த குடியாத்தத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு மலை தெரியும். மல்லேஸ்வரத்திலோ பால் வாங்கப் போனால் இறக்கம், பால் வாங்கி வந்தால் ஏற்றம். சமவெளி என்று கரும்பலகையில் எழுதும் கை, சமமான தரையைக் கண்ணால் கண்டதில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல மனுஷி. கொலு என்றால் உயிர். எல்லா டீச்சர்கள் வீட்டுக்கும் வருவார். எங்கள் வீட்டுக்கு ஏழாம் நாள் வருவதாகச் சொன்னார். கொலுவுக்கு முன்னால் பார்க் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மண்ணைக் கொட்டி, கேழ்வரகு, கடுகு முளைக்கப்போட்டு, கண்ணாடித் துண்டில் ஒரு குளம், அதில் ரெண்டு வாத்து. இந்த வருடம் பார்க்குக்குப் பதிலாக இதயப் பகுதியையே போட்டுக் காட்டிவிடுகிறேன் என்று ரோஷத்தோடு கிளம்பினேன்.

வீட்டு ஓனர் சாரதம்மாவின் கொல்லையில் கிடந்த பழைய கதவுதான் தேசம். அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட், ஷீட்டின் மேல் சலித்த செம்மண். மேல் ஓரத்தில், கொலுப்படியின் காலடியில், கசக்கிய பேப்பரும் கோணியும் வைத்து இமயமலை. அதன் அடிவாரத்தில் ஒரு வரிசை ஜல்லி. கீழ் ஓரத்தில் கூழாங்கல்லில் விந்திய மலை. அதோடு கதவு முடிந்துவிட்டது.

கங்கைக்குத் தண்ணீர் ஏற்பாடு என் வீட்டுக்காரருடையது. தொழிற்சாலையில் குழாய்ப் பிரிவில் வேலை பார்க்கிற மனிதருக்கு இது தீபாவளி மாதிரி. மேல்படிக்குப் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன், அதிலிருந்து மருந்துக்கடையில் வாங்கிய டிரிப் குழாய், குழாயில் தண்ணீரைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குட்டிச் சக்கரம். சிவனின் தலையில் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

செங்கல் சமாசாரம் எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. “நெஜத்துல அந்தச் சமவெளி ஒரு மைல் நடந்தாலும் ஒரு சாண் எறங்காதுங்க. நாம டெல்லிய மலை ஒசரத்துக்குத் தூக்கிட்டோமே,” என்றேன்.

“தரை வாட்டம் வாசப்படி மூலைக்கு இருக்குது. வீடு கட்டுன மேஸ்திரிக்கு கங்கை வரும்னு தெரியுமா? செங்கல்ல எடுத்தா திரும்ப ரிவர்ஸ்தான்.”

செங்கல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செருப்பு விடும் இடம்

முதல் நாள் முதல் ஆளாக வந்தவர் சாரதம்மா. முன்கட்டில் அவர் கொலு, பின்கட்டில் எங்கள் கொலு. எங்களோடு தமிழில் பேசுவார். கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

“ஏன்ரீ வசந்தா, இது எந்தூரு?”

நாட்டின் இதயப் பகுதி, மாமி என்று சொல்லி, நதி, மண், ஜனத்தொகை எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மல்லேஸ்வரம் எங்க?” என்றார்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பூகோள டீச்சர் அல்லவா, உடனே ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டெல்லியிலிருந்து கிட்டத்தட்ட நேர் தெற்கே வந்தால் பெங்களூர். கதவைத் தாண்டி, கூடத்தில் விரித்த பாயைத் தாண்டி, கோடு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வாசற்படிக்கு உள்பக்கம், வருகிறவர்கள் செருப்பை அவிழ்த்துவிடும் மூலையில் போய் முடிந்தது.

“நம்ம ஊரு செருப்பு விடற எடத்துலயா?” சாரதம்மாவின் குரல் உயர்ந்தது.

“கணக்குப்படி அங்கதான் மாமி வருது.”

“நாலு தலமொறையா இங்க இருக்கோம். காடு மல்லேஸ்வரர் இங்க இருக்கார். மையம்னா நம்ம மல்லேஸ்வரம்தானே மையம்? இவ டில்லிய செங்கல் வெச்சுத் தூக்குவாளாம், நம்மள செருப்புக்கிட்ட வெப்பாளாம்!” மீதியை அவர் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போனார். சுண்டலை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லோரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் தமிழ்நாட்டு எல்லையோரம் அத்திபெலேயில் புதிதாகப் பெட்டிக்கடை போட்டிருந்தார். அவருக்கு அத்திபெலே எங்கே என்று தெரியவேண்டும். செருப்புகளுக்குப் பக்கத்தில் சாய்த்திருந்த குடையின் நுனிக்கு நேரே என்று காட்டினேன். தமிழ்நாட்டு எல்லை? வாசற்படி. மனிதர் வாசற்படியில் நின்று, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்துப் பார்த்து, “கரெக்ட்டுங்க, எங்க கடை இப்டித்தான் இருக்குது,” என்று சந்தோஷப்பட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. புத்தகம் எதை இதயப் பகுதி என்று சொன்னாலும், மனிதர்கள் முதலில் தேடுவது தங்கள் ஊரைத்தான். ஊர் இல்லாத வரைபடத்தை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

சுண்டல் சாப்பிடாத மாடி வீட்டம்மா

மாடியில் திவாரி என்று ஒரு குடும்பம் புதிதாக வந்திருந்தது. கணவர் கம்ப்யூட்டர் கம்பெனி. இன்னும் சில வருடங்களில் நாட்டில் பாதிப் பேர் அப்படி எங்கள் ஊருக்கு வந்து இறங்கப்போகிறார்கள் என்று அப்போது யாருக்குத் தெரியும்? எங்களுக்கு அவர்கள்தான் முதல் போணி. அலகாபாத் பக்கம் ஏதோ கிராமம் என்று கேள்வி.

அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். இந்தியைத் தவிர ஒன்றும் வராது. நான் பள்ளிக்கூட நாளில் இந்திப் பரீட்சைகள் எழுதியவள். மெதுவாகப் பேசினால் புரியும். குங்குமம் வைத்து வரச்சொன்னேன். சிரித்துத் தலையாட்டினாள், வரவில்லை. சாரதம்மா பாசத்தோடு சுண்டலை மேலே கொடுத்தனுப்பினார். தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்த நாளும் அப்படியே.

“என்ன ஜம்பம் பாத்தியா? நவராத்திரில சுண்டல வேண்டாம்னு யாராவது சொல்லுவாளா?” என்றார் சாரதம்மா.

விசாரித்தேன். விஷயம் இதுதான்: அவர்கள் ஊரில் நவராத்திரி என்றால் ஒன்பது நாளும் விரதம். நமக்கோ நவராத்திரி என்றால் ஒன்பது நாளும் ஒன்பது வீட்டுச் சுண்டல். சாரதம்மாவிடம் சொன்னேன். நம்பவே இல்லை.

“பண்டிகைக்குப் பட்டினியா? ஹௌதா, நெஜமாவா?” என்று மோவாயில் கை வைத்தார். அதற்கப்புறம் மாடியைப் பார்த்தால் பரிதாபமாகத் தலையை ஆட்டுவார்.

ஏழாம் நாள்

சாயங்காலம் ஹெட்மிஸ்ட்ரஸ் வரவேண்டும். காலையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சமவெளியில் கேழ்வரகு பச்சைப்பசேலென்று வந்திருந்தது. என் வீட்டுக்காரர், மேடம் இருக்கும்போது தண்ணீர் தீர்ந்துவிடக்கூடாது என்று கேனை விளிம்பு வரை நிரப்பி வைத்திருந்தார். நாங்கள் இருவரும் சமையலறையில் சுண்டலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

சாரதம்மா கூடத்தில் தனியாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். பாடிக்கொண்டே சிவனைப் பார்த்திருக்கிறார். தலையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுவது அவருக்கு மனசுக்குப் பொறுக்கவில்லை. கங்கம்மாவை இப்படியா கஞ்சத்தனமாக விடுவது என்று எழுந்துபோய், அந்தக் குட்டிச் சக்கரத்தைக் கடைசி வரை திருகிவிட்டார். திரும்ப உட்கார்ந்து கண்ணை மூடிப் பாட்டைத் தொடர்ந்தார். பாட்டு நீளமானது.

“அய்யய்யோ! கங்கம்மா வந்துட்டா!” என்ற அலறல் கேட்டு ஓடிவந்தோம்.

கங்கை கரையை மறந்து கேழ்வரகு வயல் முழுவதையும் வாரிச் சுருட்டிக்கொண்டிருந்தது. தாம்பாளம் நிரம்பி வழிந்தது. டெல்லிக்கு அடியில் இருந்த செங்கல் வழுக்கி நகர்ந்ததும் கதவு பழையபடி இடது பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான். மொத்தத் தண்ணீரும் விந்திய மலையைத் தாண்டி, பாயை நனைத்து, தரையின் வாட்டம் போன வழியே போய், வாசற்படி மூலையில் செருப்புகளைச் சுற்றித் தேங்கி நின்றது.

என் வீட்டுக்காரர் சக்கரத்தை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்த நிலையிலும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“வசந்தா, கங்கை-காவிரி இணைப்பு முடிஞ்சிது. இத்தினி வருஷமா கவர்மெண்ட்டால முடியல.”

நான் சாக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஒரு வருடத்துச் சம்பளமல்ல, நான் படித்த படிப்பே அந்தச் சேற்றோடு போனது போலிருந்தது. அலறல் கேட்டு மாடியிலிருந்து திவாரி அம்மா இறங்கி வந்து வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஹெட்மிஸ்ட்ரஸ்.

“ஏன்ரீ இது, என்ன இதெல்லாம்?” என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

திவாரி அம்மா தரையைப் பார்த்தாள், இமயமலையைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள். இது கங்கையா என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். கலகலவென்று சிரித்தாள். சிரித்தபடியே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

“என்ன சொல்றா?” என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மொழிபெயர்த்தேன். “இப்பதான் எங்க ஊர் மாதிரி இருக்குன்னு சொல்றாங்க மேடம்.”

அவள் ஒரு விரலால் சேற்றில் கோடு போட்டாள். இது நதி. இது எங்கள் வீடு. மழைக்காலத்தில் தண்ணீர் இது வரைக்கும் வரும். மாட்டையும் தானியத்தையும் இந்த மேட்டுக்குக் கொண்டுபோவோம். தண்ணீர் வடிந்ததும் மேலே ஒரு படிவு நிற்கும். வெண்ணெய் மாதிரி இருக்கும். அதில் விதையைத் தூவினால் போதும். வருடா வருடம் நதி வீட்டுச் சுவரைக் கொண்டுபோகும், வயலைப் புதிதாக்கிக் கொடுத்துவிட்டுப் போகும். என் அப்பா அதை வைதுகொண்டே கும்பிடுவார்.

அவள் சொல்லச் சொல்ல நான் தரையைப் பார்த்தேன். வண்டல், வண்டல் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன். ஜல்லி இமயமலைக்கு அடியிலேயே தங்கிவிட்டது. கொஞ்சம் தள்ளி மணல். அதற்கப்புறம் பொடி மண். எல்லாவற்றிலும் மிருதுவானது தண்ணீரோடு கடைசி வரை வந்து, வாசற்படி மூலையில் இஸ்திரி போட்ட துணி போல் சமமாகப் படிந்திருந்தது. புத்தகத்தில் போட்ட அதே வரிசை. எனக்கு அழுகை நின்றுவிட்டது. “மேடம், இங்க பாருங்க, இங்க பாருங்க,” என்று ஹெட்மிஸ்ட்ரஸின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையை அதற்கு முன் யாரும் பிடித்து இழுத்திருக்க மாட்டார்கள். ஜல்லியிலிருந்து வாசற்படி வரை முட்டி போட்டுக்கொண்டே நடத்தினேன். அவரும் பட்டுப்புடவையோடு குனிந்துகொண்டே வந்தார்.

முடித்ததும் அவர் கேட்டார். “நீங்க அந்த ஊரையெல்லாம் பாத்திருக்கீங்களா?”

“இல்ல மேடம்.”

“பாக்காமலேயா இத்தன வருஷம் நடத்தினீங்க?”

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கதவுக்கு அடியில் கோணலாகக் கிடந்ததைக் காட்டி, “அது என்ன செங்கல்?” என்றார்.

“டெல்லிக்கு... ஒசரம் பத்தல மேடம்.”

ஹெட்மிஸ்ட்ரஸ் குங்குமம் எடுத்துக்கொண்டார், வெற்றிலைபாக்கு வாங்கிக்கொண்டார். படியிறங்கும்போது, “நோடோணா,” என்றார்.

நோடோணா என்றால் பார்ப்போம் என்று அர்த்தம். பெங்களூரில் எந்த ஆபீஸில் யார் நோடோணா சொன்னாலும் அந்தக் காரியம் நடக்காது. அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

நதி இல்லாத ஊர்

விஜயதசமி அன்று சாயங்காலம் திவாரி அம்மா ஒரு மண்சட்டியோடு கீழே வந்தாள். சட்டி நிறைய வாற்கோதுமை முளைத்து, ஒரு சாண் உயரத்துக்கு வெளிர்ப் பச்சையாக நின்றது. அம்பாளுக்கு முன்னால் முதல் நாள் விதைத்து, பத்தாம் நாள் நதியில் விடுவது அவர்கள் வழக்கமாம். நாம் கேழ்வரகு போடுகிறோம், அவர்கள் வாற்கோதுமை போடுகிறார்கள். இத்தனை நாளும் தலைக்கு மேலேயே ஒரு வயல் வளர்ந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை.

“உங்கள் ஊரில் நதி எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள்.

தலைநகரங்கள் நதிக்கரையில் வளரும் என்று பாடம் நடத்துகிறவள் நான். நாங்கள் இருப்பதோ ஒரு மேட்டின் உச்சியில். இந்தப் பக்கம் விழுகிற மழை காவிரிக்குப் போகும், அந்தப் பக்கம் விழுகிற மழை தென்பெண்ணைக்குப் போகும், ஊருக்குள் ஒன்றும் நிற்காது. நதி இல்லை என்றேன். நதி இல்லாமல் ஒரு ஊர் எப்படி இருக்கும் என்பது போல அவள் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் எழுந்துபோய்க் கேனில் தண்ணீர் நிரப்பினார். செங்கல்லைத் திரும்ப டெல்லிக்கு அடியில், இந்தமுறை ஆடாமல், அண்டக்கொடுத்து வைத்தார். சாரதம்மா, தானே வலிய வந்து, சக்கரத்துப் பக்கமே போகமாட்டேன் என்று சத்தியம் செய்தார். திவாரி அம்மா வாற்கோதுமைப் பயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தண்ணீரில் விட்டாள். அவை இமயமலையைவிட உயரம். இடறி, முட்டி, திரும்பி, ஒருவழியாகத் தாம்பாளத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவள் அழுதாள், நானும் அழுதேன். “வெறும் வயித்துல அழாதேம்மா,” என்று சாரதம்மா அவள் கையில் சுண்டலைக் கொடுத்தார். விரதம் முடிந்துவிட்டதால் அவள் மூன்று தொன்னை சாப்பிட்டாள்.

அப்போதுதான் வாசலில் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து நின்றார். உள்ளே கால் வைத்து, வழக்கமான மூலையில் செருப்பைக் கழற்றப் போனார்.

“மேடம், பேடா பேடா!” சாரதம்மா கத்திக்கொண்டே ஓடினார். “அங்க விடாதீங்கோ. அது பெங்களூரு!”

எட்டாம் நாளிலிருந்தே அந்த மூலையில் செருப்பு விடுவதைச் சாரதம்மா தடை செய்திருந்தார். படிந்திருந்த வண்டலைக் கூட்டவிடவில்லை. அதைச் சுற்றி ரங்கோலி போட்டு நடுவில் ஒரு பூ வைத்திருந்தார். கங்கம்மாவே டில்லியை விட்டுவிட்டு நேராக அங்கே வந்து நின்றாளாம். டில்லிக்குச் செங்கல் வைக்கவேண்டியிருந்ததாம், எங்கள் ஊருக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லையாம்.

அதோடு நிற்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸை நிறுத்திவைத்து, எங்கே ஜல்லி நிற்கும், எங்கே மணல் நிற்கும், ஏன் மிருதுவான மண் மட்டும் கடைசி வரை வரும் என்று எல்லாவற்றையும் சொன்னார். விந்திய மலையைக் கைகாட்டினார். அத்திபெலேயைக்கூட விடவில்லை. பத்து நாளைக்கு முன் மல்லேஸ்வரத்துக்கு வெளியே ஒரு நாடு இருப்பதையே ஒப்புக்கொள்ளாத மனுஷி.

ஹெட்மிஸ்ட்ரஸ் முழுவதையும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“வசந்தா, இதெல்லாம் நீங்க இவங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்களா?”

“தனியா ஒண்ணும் சொல்லலீங்க மேடம். அன்னிக்கு உங்களுக்குச் சொல்லும்போது பக்கத்துல நின்னாங்க.”

அவர் குனிந்து ரங்கோலியைப் பார்த்தார். “சரித்திர டீச்சருக்குச் சரித்திரமே போதும். பூகோளம் உங்களுதுதான். இந்த வருஷத்துலேர்ந்து பர்மனென்ட்,” என்றார். “ஆனா அந்தச் செங்கல் இருக்கில்ல, அதப் பத்தியும் பிள்ளைங்களுக்குச் சொல்லிடுங்க.”

என் வீட்டுக்காரர் என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். ஹெட்மிஸ்ட்ரஸ் அதற்குள், நாட்டின் மையத்தில் கால் பட்டுவிடாமல், புடவையைத் தூக்கிப் பிடித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டிருந்தார்.